தட்டாளர் பணியில் சேர்ந்த வைபவம்

கணினி ஒழுங்கு வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் இருந்த கீபோர்டுகளுக்கெல்லாம் ஒரு பல் கிடையாது. வலது பக்கத்துக் கடைவாய்ப் பல். எண்டர் விசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம்தான் இருக்கும். அதில் பிஸ்கட் தூளும் தலைமுடியும் குடியிருக்கும். பிடுங்கிய விசைகளை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இயக்குநர் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டு வைத்திருந்தார். கண்ணாடியைத் தொலைத்தாலும் தொலைப்பாரே தவிர கூட்டைத் தொலைக்க மாட்டார்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அவசரத்தில் எண்டரைத் தட்டி, அப்போதைய இயக்குநரின் வெளிநாட்டுப் பயணப் படங்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டாராம். அந்தப் பயணம் அலுவல் நிமித்தம்தான் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம் அந்தப் படங்கள். எல்லாவற்றிலும் அவர் கடற்கரையில் மல்லாந்து படுத்திருந்தார்.

அன்றைக்குப் பிறந்தது விதி. கணினிக்கு இடுகிற கட்டளை எதுவானாலும் ஒருவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும்; இன்னொருவர் தட்ட வேண்டும்; மூன்றாமவர் எண்டரை அழுத்த வேண்டும். மூவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால் மிகவும் நல்லது.

நம்முடைய ஆள் நடுவில் இருப்பவர், தட்டாளர். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவதே பிழைப்பு. வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவது அல்ல. ஊரில் உள்ள மற்ற அலுவலகங்களில் யாராவது பாஸ்வேர்டை மறந்திருந்தால் மாற்றிக் கொடுப்பது, புதிதாக வந்தவருக்குக் கணக்கு திறப்பது, மாற்றலாகிப் போகிறவரின் கணக்கை இங்கே மூடி அங்கே திறப்பது, கணினிகளில் சேர்ந்த குப்பைக் கோப்புகளைக் கூட்டித் தள்ளுவது, பேக்கப் எடுப்பது. விவரம் தெரிந்தவன் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவான். வாரியத்தில் அது மாலைவரை நடக்கும்.

காரணம், வாசிப்பாளர். அவர் ஒரு கட்டளையை வாசிக்கத் தொண்டையைக் கனைப்பதற்கே டீ ஆறி ஆடை கட்டிவிடும்.

"இடைவெளி," என்பார்.

"விட்டாச்சு சார்."

"எத்தனை விட்டீங்க?"

"ஒண்ணுதான்."

"கொஞ்சம் தாராளமா விட்ட மாதிரி தெரியுதே. அழிச்சுட்டு மறுபடி விடுங்க."

இப்படி ஒரு வரி முடிந்ததும், மணி அடிப்பார்கள். கண்ணாடி அறைக்குள்ளிருந்து எண்டர் அலுவலர் எழுந்து வருவார். எல்லோரும் அவரை எண்டர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பெண்டாட்டியும் அப்படியே கூப்பிடுவதாகக் கேள்வி. வலது கை ஆள்காட்டி விரலுக்கு மட்டும் வெள்ளைத் துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார். தலைமை அலுவலகத்தில் பல் விழாத கீபோர்டு ஒன்றே ஒன்று, அது அவருடையது; கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து தட்டாளரின் கணினியில் செருகுவார். திரையை ஒரு முறை பார்ப்பார். ஒன்றும் புரியாது. புரியாத முகத்தோடு அழுத்துவதுதான் நடுநிலை என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். உறையைக் கழற்றுவார், அழுத்துவார், உறையை மாட்டுவார், போவார்.

தட்டாளருக்கு இதிலெல்லாம் கோபம் இல்லை. அவர் கவலை வேறு. அவர் மனைவியும் வாரியத்தில்தான் வேலை. ஆனால் ரயிலில் ஏறினால் இரண்டு வேளைச் சாப்பாடு வண்டியிலேயே ஆகிவிடும் தொலைவில் உள்ள கிளையில். அங்கே அவள் எண்டர் அலுவலர். பள்ளிக்கூடம் போகிற மகள் அவளோடு இருந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் தட்டாளர் குடும்பம் நடத்தியது பெரும்பாலும் போனில். மகள் அவரை 'போன் அப்பா' என்றுதான் சொல்வாள். ஒரு தடவை லீவில் போய் நேரில் நின்றபோது, குழந்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப் போய் அம்மாவின் போனை எடுத்துவந்து காதில் வைத்துக்கொண்டு, "அப்பா, நம்ம வீட்டுக்கு யாரோ வந்திருக்காங்க," என்றது.

அந்த ஊருக்கு மாற்றல் வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை. மனுவோடு இயக்குநர் அறைக்குப் போகாத மாதம் இல்லை.

"நீ போயிட்டா யாருய்யா இங்க தட்டறது?" என்பார் இயக்குநர். "உனக்குக் குடும்பம் முக்கியம். எனக்கும்தான் உன் குடும்பம் முக்கியம். அதனாலதான் சொல்றேன், பிரிஞ்சிருந்தாத்தான் பாசம் நிலைக்கும். என்னைப் பாரு, ஒரே வீட்ல இருக்கோம், ஒரு வார்த்தை பேசறதில்லை."

தட்டாளர் யோசித்தார். தட்டுவதற்கு ஆள் வேண்டும் என்பதால்தானே விட மாட்டேன் என்கிறார்கள்? தட்டவே வேண்டாம் என்று ஆகிவிட்டால்?

தினமும் செய்கிற வேலை ஒன்றேதான். கட்டளைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால் கணினி தானே வாசித்துக்கொள்ளும், தானே செய்துகொள்ளும். இதற்கு ஸ்கிரிப்ட் என்று பேர். தினமும் விடியற்காலையில் ஓடு என்று ஒரே ஒரு தடவை சொல்லிவைத்தால் போதும். பிறகு உலகம் உள்ளவரை ஓடும்.

ஆனால் வரிசையாக எழுத எண்டர் வேண்டுமே! அடுத்த வரிக்குப் போக அவரிடம் விசை ஏது? ஒவ்வொரு வரிக்கும் மணி அடித்து எண்டர் சாரைக் கூப்பிட்டால் பொங்கிவிடுவார். தட்டாளர் கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவே ஓர் அரைப்புள்ளியைப் போட்டார். எல்லாக் கட்டளைகளையும் ஒரே வரியில் கோத்தார். அந்த வரி திரையின் வலது ஓரத்தில் முட்டி, மடிந்து, மறுபடி முட்டி, கீழே வழிந்து, ஒரு சரக்கு ரயில் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

இங்கே அவர் ஒரு தப்பு செய்தார். ஸ்கிரிப்ட் யாருடைய எண்ணில் ஓட வேண்டும் என்று கணினி கேட்டது. வெளியே நாலு இடம் பார்த்தவர்கள் இதற்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்துகொள்வார்கள். வாரியத்தில் புதிய எண் வேண்டுமென்றால் ரத்த வகை கேட்பார்கள். ஸ்கிரிப்டுக்கு ரத்தம் கிடையாது. தட்டாளர் தன்னுடைய ஊழியர் எண்ணையே கொடுத்தார்.

வாசிப்பாளர் அந்த ஒற்றை வரியைக் காலையில் வாசிக்க ஆரம்பித்தார். மத்தியானம் சாப்பிட எழுந்து போய் வந்து, விட்ட அரைப்புள்ளியைத் தேடிக் கண்டுபிடித்துத் தொடர்ந்தார். பாதியில் குறட்டை கேட்டது. தட்டாளர் மெதுவாக மணியை அடித்தார்.

எண்டர் சார் வந்து திரையைப் பார்த்தார். "என்னய்யா இது, புராணம் மாதிரி போகுது?"

"ஒரே வரிதான் சார். ஒரே ஒரு எண்டர்."

"ஒண்ணுதானா?" என்று அலட்சியமாகக் கேட்டுவிட்டு அழுத்தினார். அந்த ஓர் அழுத்தலில் தன்னுடைய அன்றாட அழுத்தல்கள் எல்லாம் அடங்கிப் போய்விட்டன என்பது பாவம் அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஊழியர்கள் வந்தபோது வேலை முடிந்திருந்தது. பாஸ்வேர்டுகள் மாறியிருந்தன, குப்பை போயிருந்தது, பேக்கப் எடுத்தாகிவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. வாசிப்பாளர் வாசிக்க ஒன்றும் இல்லாமல் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை வாசித்துப் பார்த்தார். எண்டர் சார் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கண்ணாடி அறைக்குள் நடந்தார். எல்லாவற்றையும்விடப் பயங்கரம் என்னவென்றால், புகார் வரவில்லை. போன் அடிக்கவே இல்லை. கம்பி அறுந்துவிட்டதோ என்று ஆள் விட்டுப் பார்த்தார்கள். கம்பி நன்றாக இருந்தது. அப்போதுதான் வாரியம் உண்மையில் நடுங்கியது.

விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், எண்டர் சார், வாசிப்பாளர். இந்தப் பக்கம் தட்டாளர், ஒரு கால் குட்டையான நாற்காலியில்.

"தினமும் விடியற்காலைல உன் எண்ல வேலை நடந்திருக்கு," என்றார் இயக்குநர். வாரியத்தில் வருகைப் பதிவும் கணினி வழிதான். யாருடைய எண்ணில் கணினி திறக்கிறதோ அவர் வந்துவிட்டார் என்று கணக்கு. "பூட்டின ஆபீஸ்ல அந்த நேரத்துல உனக்கு என்ன வேலை?"

"நான் வரலை சார். அது ஸ்கிரிப்ட்."

"அது யாரு?"

"யாரும் இல்லை சார். நான் எழுதி வச்ச கட்டளைங்க."

"அதுக்கு எண் இருக்கா?"

"என் எண்தான் சார்."

"அப்ப அது நீதானே?"

வாசிப்பாளர் குனிந்து இயக்குநர் காதில் ஏதோ சொன்னார்.

"சரி. அந்த நேரத்துல நீ எங்க இருந்தே?"

"ரூம்ல தூங்கிட்டு இருந்தேன் சார், சத்தியமா."

இயக்குநர் முகம் மலர்ந்தது. "எழுதிக்குங்க. கணினிப் பதிவுப்படி ஆள் பணியில் இருந்திருக்கிறார். அவருடைய வாக்குமூலப்படி அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஆகவே, பணி நேரத்தில் தூக்கம்."

"சார், வேலை முடிஞ்சிருக்கே சார்!" என்று கத்தினார் தட்டாளர்.

அதைக் கேட்டு இயக்குநர் எழுந்து நின்றார். நெஞ்சில் கை வைத்தார். அவர் வாழ்க்கையில் உள்ளத்திலிருந்து பேசிய பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"வேலை முடிஞ்சிருக்குன்னு எவ்வளவு தைரியமா சொல்றான் பாருங்க! தம்பி, வேலையை முடிக்கறதுக்கா நம்மளை வச்சிருக்காங்க? வேலை நடந்துகிட்டே இருக்கறதுக்கு வச்சிருக்காங்க. நடக்கற வேலைக்கு மேற்பார்வை உண்டு, கூட்டம் உண்டு, கூட்டத்துல பிஸ்கட் உண்டு. முடிஞ்ச வேலைக்கு என்ன உண்டு? இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் இருக்கோம்னு நினைச்சுப் பார்த்தியா? எங்க வேலையைப் பத்து நிமிஷத்துல ஒரு அரைப்புள்ளி செஞ்சுடும்னு ஊருக்குத் தெரிஞ்சா, நாங்க எந்த மூஞ்சிய வச்சுகிட்டு வெளிய நடப்போம்? நாங்க என்ன திறமைசாலிங்களா, வேற வேலைக்குப் போக?"

கடைசி வாக்கியத்துக்கு எண்டர் சாரும் வாசிப்பாளரும் கை தட்டினார்கள்.

தீர்ப்பு வந்தது. ஸ்கிரிப்டை அழிக்க வேண்டாம். அழிப்பதற்கும் ஒரு கட்டளை வேண்டும், அதை வாசிக்க வாசிப்பாளர் மறுத்துவிட்டார், தொண்டை பழுது. அதற்குப் பதிலாக ஸ்கிரிப்டுக்குப் பணிவு கற்றுக்கொடுக்க வேண்டும். எந்தக் காரியத்தைச் செய்வதற்கு முன்னும் அது நின்று, 'தொடரலாமா? ஆம் / இல்லை' என்று கேட்க வேண்டும். ஆம் என்று யாராவது அழுத்தினால்தான் அடுத்த அடி எடுத்து வைக்கலாம்.

தட்டாளர் அப்படியே மாற்றி எழுதினார். மறுநாள் ஸ்கிரிப்ட் குப்பைக் கோப்புகளைத் தள்ளப் போய், முதல் கோப்பின் முன்னால் நின்று, தொடரலாமா என்று கேட்டது. எண்டர் சார் ஆம் என்று அழுத்தினார். இரண்டாவது கோப்பு. தொடரலாமா? ஆம். ஊர் முழுக்க உள்ள கணினிகளின் குப்பை எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குள் எண்டர் சாரின் விரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கியது. உறை ஏறவில்லை. ஆள் எடுத்தார்கள். கண்ணாடி அறையை இடித்துக் கூடம் ஆக்கினார்கள். கூடம் நிறைய எண்டர் அலுவலர்கள் வரிசையாக உட்கார்ந்து, காலை முதல் மாலை வரை ஆம், ஆம், ஆம் என்று அழுத்தினார்கள். கிளைகளுக்கும் ஸ்கிரிப்டை அனுப்பி, அங்கேயும் ஆம் போட ஆள் வைத்தார்கள். போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. புகார்கள் குவிந்தன. வாரியம் பிழைத்தது.

இல்லை என்று யாரும் ஒரு தடவைகூட அழுத்தவில்லை. எதை இல்லை என்று சொல்வது என்று தெரிந்தால்தானே?

இந்தச் சாதனைக்காக இயக்குநருக்கு விருது கொடுத்தார்கள். தோளில் சால்வையோடு பேசினார்: "ஒரே ஆள் ஒரே விரலால் செய்துகொண்டிருந்த வேலையை, தானியங்கி முறையைப் புகுத்தியதன் மூலம் இன்று ஒரு கூடம் நிறைய ஆட்கள் செய்கிறார்கள்! இது என் தனிப்பட்ட சிந்தனை." பின்வரிசையில் தட்டாளர் உட்கார்ந்திருப்பது அப்போது அவர் கண்ணில் பட்டது. சால்வை குத்த ஆரம்பித்தது. தனிப்பட்ட சிந்தனையைச் சிந்தித்த ஆள் எதிரே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் குத்தாது?

மறுநாள் காலை தட்டாளரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் மனு விஷயம். குடும்பம்னா சேர்ந்து இருக்கணும்யா. பிரிஞ்சிருக்கறதெல்லாம் ஒரு வாழ்க்கையா? இன்னிக்கே உத்தரவு போட்டுட்டேன். இந்தப் பக்கமே வராதே. நல்லா இரு."

தட்டாளர் வராந்தாவிலேயே நின்று மனைவிக்குப் போன் போட்டார். 'மாத்தல்' என்று ஆரம்பித்து மூக்கைச் சிந்தினார். அந்தப் பக்கம் அவளே கேட்டாள், "ஏங்க, கிடைச்சிருச்சா? அழுறீங்களா சிரிக்கிறீங்களா?" அன்று மாலை அவர் ரூமைக் காலி செய்தார், மகளுக்கு ஒரு மஞ்சள் குடை வாங்கினார், இரவு வண்டியைப் பிடித்தார். இரண்டு வேளைச் சாப்பாட்டை வண்டியிலேயே சாப்பிட்டார். இரண்டிலும் பாதியை எதிர் சீட்டுக்காரருக்குக் கொடுத்து, மகளின் கதையையும் சேர்த்துப் பரிமாறினார்.

இனி நடந்ததை நிதானமாகச் சொல்கிறேன். இதில் சூழ்ச்சி இல்லை; யாருடைய சதியும் இல்லை. எல்லாம் அவரே எழுதி வைத்ததுதான்.

மாற்றலாகிறவரின் கணக்கை இங்கே மூடி அங்கே திறப்பது ஸ்கிரிப்டின் வேலைகளில் ஒன்று என்று சொன்னேன் இல்லையா? அவர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தபோது விடிந்தது. ஸ்கிரிப்ட் எழுந்தது. அவருடைய மாற்றல் உத்தரவைப் பார்த்தது. ஆம் போடுகிறவர்கள் வந்து உட்கார்ந்ததும், கேட்டுக் கேட்டு, தலைமை அலுவலகத்தில் அவர் கணக்கை மூடியது, கிளையில் திறந்தது. அவருடைய உடைமைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனது. உடைமைகளில் முக்கியமானது, அவர் எண்ணில் தினமும் ஓடுகிற ஸ்கிரிப்ட். ஆக அது தன்னைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் புது ஊரில் இறங்கி, அவர் எண்ணில் கணினியைத் திறந்து, வருகை பதிந்து, அன்றைய வேலையை ஆரம்பித்தது. வண்டி அப்போது பாதி வழியில்கூட இல்லை.

கிளை வாசலில் பெட்டியோடும் குடையோடும் வந்து இறங்கிய தட்டாளரைக் காவலாளி நிறுத்தினார். பேரைக் கேட்டார். உள்ளே போன் போட்டுப் பேசினார். பிறகு சொன்னார்:

"அவர் காலைலயே வந்துட்டாராமே?"

"யாரு?"

"நீங்க சொன்ன பேர்ல உள்ளவர். டூட்டில இருக்கார். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

ஒருவழியாகக் கிளை மேலாளர் அறைவரை போனார். மேலாளர் பரம சாது. குரலை உயர்த்தவே மாட்டார்.

"உக்காருங்க. உங்க கஷ்டம் புரியுது. ஆனா அவர் சேர்ந்துட்டாரே. வருகை இருக்கு, சேர்க்கை ஒப்புதல் இருக்கு, எண்டர் அலுவலரே அழுத்தியிருக்காங்க."

"அது என் பொண்டாட்டி சார்!"

"அப்ப அவங்களுக்குத் தெரியாதா, தன் வீட்டுக்காரர் யாருன்னு?"

"சார், அவர் நான்தான் சார்!"

"இருக்கலாம்," என்றார் மேலாளர் பரிவோடு. "ஆனா நீங்க அவர் இல்லையே. அவர் வந்த அன்னைக்கே எல்லா வேலையையும் எடுத்துப் போட்டுச் செய்யறார். டீ கேக்கலை, லீவு கேக்கலை. எதைச் செய்யறதா இருந்தாலும் தொடரலாமான்னு மரியாதையா கேட்டுட்டுத்தான் செய்யறார். நீங்க உள்ள வந்ததும் மேஜையைத் தட்டுறீங்க. நியாயமா சொல்லுங்க, ரெண்டு பேர்ல யாரை நான் வெளிய அனுப்பறது?"

ஆனாலும் நியாயஸ்தர். ஒரு வாய்ப்பு கொடுத்தார். கூடத்தில் ஒரு கீபோர்டைப் போட்டு, இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யட்டும், யார் முந்துகிறாரோ அவரே அவர் என்றார். தட்டாளர் உயிரைக் கொடுத்துத் தட்டினார். ஒரு எழுத்து பிசகிற்று, திருத்தினார். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு தொடரலாமாவுக்கும் ஆம் போட ஒரு விரல் தயாராக இருந்தது. இவர் முதல் வரியை முடித்து எண்டரைத் தேடியபோது அங்கே பள்ளம்தான் இருந்தது. பிஸ்கட் தூள் விரலில் ஒட்டியது. ஊழியர்கள் சிரித்தார்கள். ஆம் போட்டுக்கொண்டிருந்த அந்த விரல் யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தார். எதிர் மேஜையில் அவர் மனைவி, குனிந்த தலை நிமிராமல் அழுத்திக்கொண்டிருந்தாள். பணி நேரத்தில் தலை நிமிரக் கூடாது என்பது கிளை விதி.

சாயங்காலம் வாசலில் அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"உங்க பேரைப் போட்டு, பணியில் சேர்க்கலாமான்னு கேட்டுச்சுங்க. இத்தனை வருஷம் கழிச்சு உங்க பேர் திரையில வந்துருக்கு. சந்தோஷத்துல ரெண்டு தடவை அழுத்திட்டேன்."

"போகட்டும் விடும்மா. நாளைக்குக் காலைல அது தொடரலாமான்னு கேக்கும்ல? ஒரே ஒரு தடவை இல்லைன்னு அழுத்திடு. அது நின்னுடும். நான் உள்ள வந்துடறேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த விசை இல்லைங்க."

"எந்த விசை?"

"இல்லைன்னு அழுத்தற விசை. யாருமே உபயோகிக்கலைன்னு போன மாசம் பிடுங்கிட்டாங்க. டப்பாவுல போட்டுட்டாங்க."

தட்டாளர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, தலைமை அலுவலகத்துக்குத் தினமும் மின்னஞ்சலில் முறையிட்டார். வாரியத்தின் எண் இல்லாதவர்களிடமிருந்து வருகிற கடிதங்களைக் குப்பை என்று கூட்டித் தள்ளும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. அதை எழுதியபோது, எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டவர் அவர். ஒவ்வொரு காலையும் அவருடைய முறையீட்டின் முன்னால், தலைமை அலுவலகத்தில் இருந்த ஸ்கிரிப்டின் நகல் நின்று, தொடரலாமா என்று கேட்டது. எண்டர் சார் வீங்கிய விரலால் ஆம் என்றார்.

இதற்கிடையில் கிளையில் மனைவிக்குக் குடியிருப்பு வீடு ஒதுக்கினார்கள். கணவன் மனைவி இருவரும் ஒரே கிளையில் இருந்தால் பெரிய வீடு உண்டு. வாசலில் பெயர்ப்பலகை அடித்தார்கள். அதில் தட்டாளரின் பெயர் மேலே, அவள் பெயர் கீழே. வெளியாட்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும், வேலிக்குள் போடப்பட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, குடியிருப்போரைப் பார்க்கலாம். தட்டாளர் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். மனைவி டிபன் பாக்ஸ் கொண்டுவருவாள். அவர் சாப்பிடுவதை மகள் உன்னிப்பாகப் பார்ப்பாள். போனில் சாப்பிடுவது தெரியாது அல்லவா? மஞ்சள் குடையை விரித்து, வெயில் இல்லாவிட்டாலும் அவர் தலைக்கு மேல் பிடிப்பாள். போகப் போக அவருக்கு அதுவே ஒரு வாழ்க்கை மாதிரி ஆகிவிட்டது.

ஒரு ஞாயிறு மனைவி வந்தபோது முகத்தில் ஒரு ஒளி இருந்தது.

"ஏங்க, உங்களுக்குப் பதவி உயர்வு! கிளையிலேயே முதல் ஆள் நீங்கதானாம். ஒரு நாள்கூட லீவு போடலையாம். தலைமை அலுவலகத்துக்கே கூப்பிட்டுட்டாங்க."

தட்டாளர் வாயில் இருந்ததை விழுங்கினார். அது போனால் இங்கே இடம் காலியாகுமே! புதிதாக விண்ணப்பம் போட்டாவது, வாசல் பெருக்கவாவது...

"எனக்கும் மாத்தல் போட்டுட்டாங்க," என்றாள் அவள். "புருஷன் இருக்கற ஊர்லதான் பொண்டாட்டி இருக்கணும்னு இப்ப புது விதி. இயக்குநரே கையெழுத்துப் போட்டிருக்காரு. எவ்வளவு நல்ல மனசு பாருங்க. நாளைக்கு ராத்திரி வண்டி. நம்மளை ஒரே ஊர்ல போட்டுட்டாங்க."

"நம்மளைன்னா?"

அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் இப்போது வெள்ளை உறை கொடுத்திருந்தார்கள்.

"சரி," என்றார் தட்டாளர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். எதையும் கேட்டுவிட்டுச் செய்தால்தான் மரியாதை என்று அவருக்கும் இதற்குள் விளங்கியிருந்தது. "நானும் அதே வண்டில வர்றேன். உங்க கூடவே வீட்ல ஒரு ஓரமா இருந்துக்கறேன். வரட்டுமா?"

இத்தனை நாளாக லட்சக்கணக்கான தடவை ஆம் போட்ட பெண். மகள் குடையை அவர் தலைக்கு மேலிருந்து எடுத்து மடக்கினாள். பார்வை நேரம் முடிந்தது என்று காவலாளி விசில் ஊதினார்.

"இல்லைங்க," என்றாள் மனைவி. "அங்க வெளியாளுங்களைத் தங்க விட மாட்டாங்க. அவருக்குக் கெட்ட பேரு வந்துடும்."

விசையைத்தான் பிடுங்கியிருந்தார்கள். சொல் அவளிடம் பத்திரமாக இருந்தது.